மை கொட்டிய பத்திரம்

எழுபத்திரண்டாம் வருஷம்,
ஆடி கழிந்த முதல் புதன்கிழமை.
மஞ்சக்குப்பம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
வாடகைக் கார் வந்து நின்றது.
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே
என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

பெயர்?
"அஞ்சலாட்சி."
தகப்பனார் பெயர்?
மின்விசிறி ஒரு சுற்று போய் வந்தது.
"அம்மா பேரு சிங்காரத்தம்மா. அதையே போடுங்க."
வழக்கமான வாசகத்தில் அதற்கு இடமில்லை.
நெருக்கி எழுதினேன்.
தொழில்?
"சும்மாதான் இருக்கேன்."

வில்லங்கம் முன்பே போட்டுப் பார்த்திருந்தேன்.
சினிமாப் பத்திரிகைகள் சொல்லாததை
அது வரிசையாகச் சொல்லிவிடும்:
ஐம்பத்திரண்டில் கிரையம், முழு ரொக்கம்.
ஐம்பத்தெட்டில் அடமானம்,
சென்னை பைனான்ஸ்காரர் பேருக்கு.
அறுபத்தொன்றில் மீட்பு. அறுபத்துமூன்றில் மறுபடி.
அதற்கப்புறம் வட்டி மட்டும்தான் நடித்தது.

பிறந்தது ஆற்றுக்குத் தெற்கே, திருப்பாப்புலியூர்.
கெடிலம் பாலம் தாண்டி இந்த வீட்டுக்கு வர
எனக்கு அரைமணி நடை.
அவருக்குப் பதினான்கு படம் ஆனது.

பதினோரு வயதில் நாடகக் கொட்டகையில் லவன் வேஷம்.
சேலத்து ஸ்டுடியோவில் மாதம் எழுபத்தைந்து ரூபாய்,
முடி வெட்டக் கூடாது, கல்யாணம் கூடாது.
சொந்தத் தொண்டையில் பாடிக்கொண்டிருந்தவரிடம்
இனி உதடு போதும் என்றார்கள்.
பத்தொன்பதில் காதலி. இருபத்தெட்டில் அண்ணி.
முப்பத்திரண்டில்,
எவனோடு பூந்தோட்டத்தில் ஓடினாரோ
அவனுக்கே அம்மாவாகக் கூப்பிட்டார்கள்.
அவனுக்கு அப்போது நாற்பத்தொன்று.
அந்த வருஷம்தான் சொந்தப் படம் எடுத்தார்,
அந்த வருஷம்தான் அடமானம்.

வாசித்துக் காட்டினேன்:
"நிதி நிட்சேபம் தரு ஜலம் பாஷாணம் சகிதம்
சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்து..."
"பாஷாணமா?"
"கல்லும்மா. பூமிக்குள்ள கெடக்குற கல்லு."
"நான் விஷம்னுல்ல நெனச்சேன்.
மூணு படத்துல குடிச்சிருக்கேன். மூணுமே மோரு."
சிரித்தார்.

பெஞ்சிலிருந்த நாலு பேரும் திரும்பினார்கள்.
ஓல்டு டவுன் கொட்டகையில்
மணல் டிக்கெட்டில் உட்கார்ந்து
அந்தச் சிரிப்புக்காகத்
திரும்பத் திரும்பப் போனவர்கள்.
"டேய், ஹேமலோசனிடா!"

பேனா அவர் கையில் இருந்தது.
கை தன் பாட்டுக்குப் போனது.
முத்திரைத்தாளின் நடுவில், குறுக்காக,
வால் நீட்டி, அடியில் ஒரு கோடு இழுத்து:
அன்புடன், டி. பி. ஹேமலோசனி.

தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"கெட்டுப் போச்சா?"

வாங்குகிறவர் பண்ருட்டி முந்திரி வியாபாரி,
உள்ளே பதிவாளரிடம் பேசிக்கொண்டிருந்தார்.
"மை கொட்டிட்டேங்க" என்று
அவர் காதில் விழுகிற மாதிரி கத்தினேன்.
அடுத்து அவர் வாங்கிய மூன்று நிலத்துக்கும்
எனக்கு எழுத்துக்கூலி கிடைக்கவில்லை.

புதுத் தாள். மறுபடி முதலிலிருந்து.
கெடில நதிக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு,
இதற்குட்பட்ட மனையும் மாடியும் கிணறும்.
இந்தத் தடவை நிதானமாக எழுதினார்.
இரண்டாவது எழுத்தில் நின்று,
"இந்த ஞ எப்படிச் சுழிக்கும்?" என்றார்.
காற்றில் விரலால் போட்டுக் காட்டினேன்.

பிறகு பெருவிரல் ரேகை.
மை துடைக்கத் துணி நீட்டினேன்.
வேண்டாமென்று கைப்பையைத் திறந்தார்:
அரிதாரம் கலைக்கிற பஞ்சு, எண்ணெய் தோய்ந்தது.
ஒரே இழுப்பு.

கெட்டுப்போன முத்திரைத்தாளை
ஆறு மாதத்துக்குள் ஒப்படைத்தால்
பிடித்தம் போகப் பணம் திரும்பும்.
கடைசி நாள் மழை.
சட்டைக்குள் வைத்துக்கொண்டு
தாலுகா ஆபீஸ் படி வரைக்கும் போனேன்.
கொஞ்ச நேரம் நின்றேன்.
நனையாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.